விரல் மட்டும்தான் அவளுடையது

தமிழ்நாட்டின் துணிக்கடை, நகைக்கடை உரிமையாளர்களுக்கும், அவர்களுக்கு விளம்பரம் எடுத்துத் தரும் நிறுவனத்தாருக்கும்,

வணக்கம்.

தீபாவளி முடிந்துவிட்டது. பொங்கல் விளம்பரத்துக்கு இந்நேரம் ஆள் பார்க்கத் தொடங்கியிருப்பீர்கள். அதற்குள் சொல்லிவிட வேண்டும் என்றுதான் இந்த மடலை எழுதுகிறேன். கோவில்பட்டிப் பக்கம் ஓர் அரசுப் பள்ளியில் 22 ஆண்டுகளாகத் தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன். உங்கள் கடைகளில்தான் எங்கள் வீட்டுக் கல்யாணங்களுக்கெல்லாம் துணி எடுத்திருக்கிறோம். அந்த உரிமையில் கேட்கிறேன். எங்கள் பிள்ளைகளை அவர்களுடைய நிறத்திலேயே காட்டுங்கள்.

நடந்தது இதுதான். எங்கள் ஊர்த் துணிக்கடை ஒன்று, இந்தத் தீபாவளிக்கு வெளியூர் மாடல் வேண்டாம், நம்ம ஊர்ப் பெண்களையே வைத்து விளம்பரம் எடுக்கப் போகிறோம் என்று நோட்டீஸ் போட்டது. கேட்கவே சந்தோஷமாக இருந்தது. என் அக்கா மகள் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். நல்ல கறுப்பு, எங்கள் அம்மாவைப் போல. போகலாமா சித்தி என்று கேட்டாள். நான்தான் போகச் சொன்னேன். அவளைத் தேர்ந்தெடுத்தார்கள். அரக்குக் கலர் பட்டு, பெரிய ஜரிகை பார்டர். முந்தானையை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்தபடி போட்டோ எடுத்தார்கள். அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்து எங்கள் எல்லாருக்கும் அதே மாதிரி துண்டை விரித்து நின்று காட்டினாள்.

இரண்டு வாரம் கழித்து பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே பிளக்ஸ் வைத்தார்கள். நான், அக்கா, அவள் மூன்று பேரும் பார்க்கப் போனோம். அக்காவுக்குத் தன் மகளை அடையாளம் தெரியவில்லை. "எங்கடி உன் போட்டோ?" என்று கேட்டுக்கொண்டே அந்தப் பலகையைத் தாண்டி நடந்துவிட்டாள். முகம், கழுத்து, கை எல்லாம் பால்கோவா நிறம். மூக்கும் கண்ணும் அவளுடையவைதான், ஆனால் அது அவள் இல்லை. முந்தானையைப் பிடித்திருந்த எட்டு விரல்களை மட்டும் அப்படியே விட்டிருந்தார்கள். வெள்ளைக் கையின் நுனியில் கறுப்பு விரல்கள். அவள் ரொம்ப நேரம் அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றாள். அப்புறம் சொன்னாள்: "விரல் மட்டும்தான் நான், சித்தி."

மறுநாள் கடைக்குப் போனேன். மேலாளர் மரியாதையாகத்தான் பேசினார். "கலர் கரெக்‌ஷன் டீச்சர். எல்லாருக்கும் பண்றதுதான்" என்றார். அங்கிருந்து பிளக்ஸ் அடித்த கடைக்குப் போனேன். அங்கே வேலை பார்க்கும் தம்பி என்னிடம் படித்தவன். ஒளிக்காமல் சொல்லிவிட்டான். "முகத்தை செலக்ட் பண்ணி பிரைட்னஸ் ஏத்துவோம் டீச்சர். அனுப்பினா இன்னும் ஏத்துன்னு சொல்வாங்க. இதுக்கு மூணு தடவை ஏத்தினேன்." விரலை ஏன் விட்டாய் என்று கேட்டேன். "விரல் ஜரிகை மேல இருக்குல்ல டீச்சர். அதை வெளுத்தா புடவை கலர் மாறிடும். புடவை கலர் மாறினா ஓனர் திட்டுவார்."

இந்தப் பதிலைத்தான் உங்கள் முன் வைக்கிறேன். புடவையின் நிறம் ஒரு பொட்டு மாறக்கூடாது என்பதில் உங்களுக்கு எவ்வளவு கவனம்! அது நியாயமும்கூட. படத்தில் ஒரு அரக்கும் கையில் ஒரு அரக்கும் இருந்தால் வாங்கியவர் திரும்பி வந்து சண்டை போடுவார். கடைக்குள் டியூப்லைட்டில் பார்த்தது போதாதென்று, உங்கள் கடைப் பையன்களே புடவையை வாசலுக்கு எடுத்துக்கொண்டு வந்து, "வெயில்ல பாருங்கக்கா, இதுதான் உண்மையான கலர்" என்று விரித்துக் காட்டுவார்கள். எத்தனை தடவை பார்த்திருக்கிறேன். துணிக்குக் காட்டும் அந்த நேர்மையை அதைக் கட்டியிருக்கும் பெண்ணுக்கும் காட்டுங்கள் என்கிறேன். வேறொன்றும் கேட்கவில்லை.

சனங்களுக்கு இதுதான் பிடிக்கிறது, நாங்கள் என்ன செய்வது என்பீர்கள். சனங்களுக்கு இதைப் பிடிக்க வைத்தது யார்? 1975-இல் ஃபேர் அண்ட் லவ்லி சந்தைக்கு வந்தது. கறுப்பாக இருந்த பெண்ணுக்கு வேலை கிடைக்காது, மாப்பிள்ளை அமையாது, அப்பா முகத்தைத் தொங்கப்போட்டுக்கொள்வார், களிம்பு பூசினால் எல்லாம் சரியாகும் என்ற கதையை இரண்டு தலைமுறைகள் தொலைக்காட்சியில் பார்த்து வளர்ந்தன. ஆண்களும் தப்பவில்லை. 2005-இல் அவர்களுக்கென்று தனிக் களிம்பே வந்தது. 2020-இல் அமெரிக்காவில் ஜார்ஜ் ஃபிளாய்ட் கொல்லப்பட்டு, உலகமெங்கும் கறுப்பின மக்களுக்காகக் குரல் எழுந்த பிறகுதான், அந்தப் பழைய களிம்பின் பெயர் குளோ அண்ட் லவ்லி ஆனது. ஒரு சொல்லை எடுக்க 45 ஆண்டு. அதே ஆண்டில்தான் பெரிய திருமணத் தளம் ஒன்று, தோல் நிறத்தை வைத்து வரன் தேடும் வசதியை நீக்கியது. அதுவரை அது இருந்தது என்பதே பலருக்கு உறைக்கவில்லை.

இந்திய விளம்பரத் தர நிர்ணயக் கவுன்சில் 2014-இலேயே விதி வகுத்துவிட்டது. கறுத்த தோல் உள்ளவரை அழகற்றவராகவோ, சோகமானவராகவோ, வாழ்க்கையில் பின்தங்கியவராகவோ காட்டக்கூடாது என்கிறது அது. உங்களுக்குத் தெரியாத விதி இல்லை. நீங்கள் அதை மீறவில்லை என்றும் சொல்லிக்கொள்ளலாம். கறுப்பானவரைச் சோகமாகக் காட்டினால்தானே குற்றம்? காட்டவே இல்லை என்றால் எந்த விதியும் பிடிக்காது. எங்கள் பிள்ளையை அப்படித்தான் பலகையிலிருந்து எடுத்துவிட்டீர்கள்.

சினிமாவையும் சேர்த்தே சொல்ல வேண்டும், உங்களில் பாதிப் பேர் இரண்டுக்கும் வேலை செய்கிறவர்கள். ரஜினிகாந்தையும் விஜயகாந்தையும் தலையில் வைத்துக் கொண்டாடிய ஊர் இது. கறுப்பு என்று சொல்லியே கைதட்டினோம். அவர்களுக்குப் பக்கத்தில் நிற்கும் பெண் மட்டும் வெளுப்பாகவே இருக்க வேண்டும் என்று யார் முடிவு செய்தது? கதைக்குக் கறுத்த பெண் தேவைப்பட்டாலும் வெளுத்த நடிகையைக் கூட்டிவந்து முகத்தில் மை பூசுகிறார்கள். கறுத்த பெண்ணே நடிக்க வந்தால் வேலைக்காரி, சண்டைக்காரி, நாயகன் பார்த்து ஓடுகிற பெண்.

2007-இல் வந்த ஒரு பெரிய நட்சத்திரப் படம் உங்களுக்கு நினைவிருக்கும். கரி பூசியது போல ஒப்பனை செய்த இரண்டு பெண்களை நாயகன் தலையில் கட்டப் பார்ப்பார்கள். அவன் மிரள்வான், தியேட்டர் சிரிக்கும். அந்தப் பெண்களுக்கு வைத்த பெயர் அங்கவை, சங்கவை. பாரி வள்ளலின் மகள்களுக்கு மரபில் வழங்கும் பெயர்கள். அப்பனை இழந்து, பறம்பு மலையை இழந்து, நிலவைப் பார்த்து அழுத அந்தப் பிள்ளைகளின் பாட்டு புறநானூற்றில் 112-ஆவதாக இருக்கிறது. நான் அதை வகுப்பில் நடத்தும்போது, "அங்கவை" என்று சொன்ன உடனே பின்பெஞ்சில் சிரிப்பு கிளம்புகிறது. படம் வந்தபோது பிறக்காத பிள்ளைகள் அவர்கள். டிவியிலும் மீமிலும் பார்த்துத் தெரிந்துகொண்டார்கள். அந்தச் சிரிப்பு அடங்கும்வரை, முன்வரிசையில் இருக்கும் கறுத்த பெண்பிள்ளைகள் நோட்டைப் பார்த்துக் குனிந்துகொள்வதை நான் பார்த்துக்கொண்டு நிற்கிறேன். ஒவ்வொரு வருஷமும்.

தமிழ் சொல்லிக்கொடுப்பவள் என்பதால் இன்னொன்றும் சொல்கிறேன். சங்கப் பாட்டில் பெண்ணின் நிறத்துக்கு மாமை என்று பெயர். மாந்தளிரின் கருமை கலந்த மினுமினுப்பு. குறுந்தொகை 27-இல் வெள்ளிவீதியார், என் மாமைக் கவினைப் பசலை தின்கிறதே என்று அழுகிறார். பசலை என்றால் மேனி தன் நிறம் கெட்டு வெளிறிப்போவது. அது பிரிவினால் வரும் நோய். வள்ளுவர் அந்த நோய்க்கு ஓர் அதிகாரமே ஒதுக்கியிருக்கிறார். இந்த மண்ணில் வெளிறுவதைப் பார்த்துத்தான் பெண்கள் அழுதிருக்கிறார்கள். இன்று எங்கள் வீடுகளில் "பொண்ணு கலரா இருப்பா" என்றாலே வெளுப்பு என்று அர்த்தம். கடையில் "ஸ்கின் கலர்" லெக்கின்ஸ் கேட்டால் எடுத்துப் போடுவது என் வீட்டில் ஒருவருக்கும் இல்லாத நிறம்.

இதெல்லாம் மனக்கஷ்டத்தோடு நிற்பதில்லை. கேரளத்தில் மலப்புரம் மாவட்டம் கோட்டக்கல்லில் ஒரு மருத்துவமனைக்கு 2021 முதல் 2023 வரை ஒரு வகைச் சிறுநீரக நோயோடு வந்த 22 பேரை மருத்துவர்கள் ஆராய்ந்தார்கள். அவர்களில் 13 பேர் சிவப்பழகுக் களிம்பு பூசியவர்கள். இப்படிப்பட்ட சில களிம்புகளில் கலக்கும் பாதரசம் தோல் வழியே உள்ளே இறங்கிச் சிறுநீரகத்தைக் கெடுக்கிறது. அவற்றை நீங்கள் விற்கவில்லை, தெரியும். ஆனால் முகம் வெளுத்தே ஆக வேண்டும் என்ற அவசரத்தை அந்தப் பிள்ளைகளுக்கு உண்டாக்கிய ஆயிரம் பலகைகளில் உங்கள் பலகைகளும் உண்டு.

படித்து மேலே வந்துவிட்டால் தீரும் என்று எங்கள் அம்மா நம்பினார். அதே கேரளத்தின் தலைமைச் செயலாளராக இருந்த சாரதா முரளீதரன், தன் நிறத்தையும் தன் கணவர் நிறத்தையும் ஒப்பிட்டு ஒருவர் சொன்னதைப் பற்றி 2025 மார்ச்சில் வெளிப்படையாக எழுதினார். நான்கு வயதில் அம்மாவிடம், என்னை மறுபடி வயிற்றுக்குள் வைத்து வெள்ளையாகப் பெற்றுத்தர முடியுமா என்று கேட்டதாகவும் அதில் எழுதியிருந்தார். ஒரு மாநிலத்தின் தலைமைச் செயலாளருக்கே இந்தப் பேச்சு வருகிறது என்றால், பஸ் ஸ்டாண்டில் கூட்டாளிகளோடு நிற்கும் கல்லூரிப் பெண் என்ன செய்வாள்? என் அக்கா மகளை இப்போது வகுப்பில் "பிளக்ஸ்" என்று கூப்பிடுகிறார்கள். அவள் கையைத் துப்பட்டாவுக்குள் வைத்துக்கொண்டு போகிறாள். போகச் சொன்னவள் நான்.

கோபத்தில் நீட்டிவிட்டேன். பொறுத்துக்கொள்ளுங்கள். கேட்க வந்ததைத் தெளிவாகக் கேட்டுவிடுகிறேன்.

ஒரு பெண்ணை விளம்பரத்துக்கு எடுத்தால் அவள் நிறத்தைக் கூட்டவோ குறைக்கவோ மாட்டோம் என்று ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொடுங்கள். அச்சுக்குப் போகும் முன் படத்தை அவளுக்குக் காட்டி, சம்மதம் வாங்கிக்கொள்ளுங்கள். கறுத்த தோலுக்கு எப்படி விளக்கு வைப்பது என்று தெரிந்த ஒளிப்பதிவாளர்கள் தமிழ்நாட்டில் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களைக் கூப்பிடுங்கள். கல்யாணப் பட்டு விளம்பரத்திலும் வைர நகை விளம்பரத்திலும், கிராமத்துக் காட்சிக்கென்று ஒதுக்கிவைக்காமல், எங்கள் நிறத்துப் பெண்ணை நடுவில் நிறுத்துங்கள். பக்கத்தில் நிற்கும் தோழியாக வேண்டாம், மணப்பெண்ணாகவே நிறுத்துங்கள். அரக்குப் பட்டு கறுப்பு மேனியில் எப்படி எடுக்கும் என்பது புடவை விற்கிற உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

எங்கள் ஊர்க் கடைக்காரருக்கும் ஒரு வேண்டுகோள். உங்கள் பெயரை நான் எங்கும் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன். பஸ் ஸ்டாண்டில் அந்தப் பலகை இன்னும் நிற்கிறது. பொங்கலுக்கு மாற்றுவீர்கள் என்று பிளக்ஸ் கடைத் தம்பி சொன்னான். வெளுக்காத போட்டோ அவன் கம்ப்யூட்டரில் இன்னும் அப்படியே இருக்கிறது. நான் பார்த்தேன். அக்கா மகள் அதில் பல் தெரியச் சிரிக்கிறாள். தயவுசெய்து பொங்கலுக்கு அதைப் போடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்,
ஒரு தமிழாசிரியை