நிவாரணப் பட்டியலும் ஊர்க் குழுவும்

ஆசிரியர் அவர்களுக்கு,

இணையத்தில் அந்தரங்கத்தைக் காப்பது பற்றி எழுதுகிறவர்கள், கடவுச்சொல்லைக் கடினமாக வையுங்கள், தெரியாத இணைப்பைத் தொடாதீர்கள் என்கிறார்கள். நல்லது. ஆனால் வன்னியில் எங்கள் விபரங்களை இணையத்தில் இறைப்பவர்கள் பெரும்பாலும் எங்களுக்காகப் பட்டியல் தயாரிப்பவர்களே.

உர மானியம், வெள்ள நிவாரணம், வீட்டுத்திட்டம் என எது வந்தாலும் ஒரு பட்டியல் வரும். முன்பு அது அறிவித்தல் பலகையில் தொங்கும். ஒரு மழையோடு கரைந்துவிடும். இப்போது அதைக் கைத்தொலைபேசியில் படமெடுத்து ஊர் வட்ஸ்அப் குழுவில் போட்டுவிடுகிறார்கள். பெயர், அடையாள அட்டை இலக்கம், தொலைபேசி இலக்கம், சிலவேளை வங்கிக் கணக்கு இலக்கமும் அதில் இருக்கும். பொழுது படுவதற்குள் பட்டியல் கனடாவுக்கும் போய்ச் சேர்ந்துவிடும்.

அடையாள அட்டை இலக்கம்தானே என்று விட்டுவிட முடியாது. பழைய அட்டையில் முதல் இரண்டு இலக்கங்கள் பிறந்த ஆண்டைக் குறிக்கும். அடுத்த மூன்றும் அந்த ஆண்டின் எத்தனையாவது நாள் என்பதைச் சொல்லும்; பெண்ணென்றால் அதனுடன் 500 கூட்டியிருக்கும். 12 இலக்கப் புதிய அட்டையிலும் இதே கணக்குத்தான், ஆண்டு மட்டும் முழுதாக வரும். ஆக, இலக்கத்தைப் பார்த்தவருக்கு உங்கள் பிறந்த திகதியும் தெரியும்.

இவ்வளவையும் கையில் வைத்துக்கொண்டு ஒருவர் அழைத்து, "அம்மா, உங்கள் கொடுப்பனவு வந்திருக்கிறது, இப்போது வந்த ஆறு இலக்கத்தைச் சொல்லுங்கள்" என்றால் எந்தத் தாய் சந்தேகப்படுவாள்? அந்த ஆறு இலக்கம், அவளுடைய வட்ஸ்அப் கணக்கை வேறொரு தொலைபேசியில் திறப்பதற்கான குறியீடு. சொன்ன மறுகணம் கணக்கு அவன் கைக்குப் போய்விடும். பிறகு அவளுடைய பெயரில் வெளிநாட்டுப் பிள்ளைகளிடம் காசு கேட்பான்.

2009இல் போரால் இடம்பெயர்ந்து மெனிக் பாம் முகாமில் வரிசையில் நின்று பதிந்தவர்கள் நாங்கள். அதற்கு முன்னும் பின்னும் எத்தனையோ பதிவுகள். படிவத்தை நீட்டினால் எதற்கு என்று கேட்காமல் நிரப்பிக் கொடுக்கும் பழக்கம் அப்படி வந்ததுதான். உதவி கொடுக்கும் யூரியூப்காரர் வீட்டுக்குள் கமெராவோடு நுழையும்போதும் அதே பணிவுதான். அழுகிற பிள்ளையின் முகத்தை ஏன் உலகத்துக்குக் காட்டுகிறார்கள் என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், என்ன நோக்கத்துக்காகத் தகவலைப் பெறுகிறார்களோ அதற்குத் தேவையான அளவோடு நிற்க வேண்டும் என்கிறது. அந்தச் சட்டம் கொழும்பைத் தாண்டி மாங்குளம் வரைக்குமாவது வரட்டும்.

குழுக்களை மூடச் சொல்லவில்லை. குளத்துக் கதவு திறக்கும் நாளும் மரண அறிவித்தலும் அதில்தான் வருகின்றன. பட்டியலில் பெயரோடு அடையாள அட்டையின் கடைசி மூன்று இலக்கங்களை மட்டும் போட்டால் உரியவருக்கு விளங்கும். தொலைபேசி, வங்கிக் கணக்கு இலக்கங்கள் அலுவலகக் கோப்பில் இருந்தால் போதும். பிரதேச செயலகங்கள் கிராம அலுவலர்களுக்கும் கமக்கார அமைப்புகளுக்கும் இதை எழுத்தில் அறிவிக்க வேண்டும். ஏற்கனவே போட்ட படங்களைக் குழு நிர்வாகிகள் இன்றே நீக்கலாம். அதற்குச் சுற்றறிக்கை தேவையில்லை.

இப்படிக்கு,
கமக்கார அமைப்பு உறுப்பினர் ஒருவர்,
கிளிநொச்சி.