சிவப்புக் கோடு

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். நீ அனுப்பிய ஒலிப்பதிவை நேற்றிரவு மூன்று தடவை போட்டுக் கேட்டோம். "இதுல நம்ம பிள்ளை குரல் எது?" என்று அம்மா கடைசி வரை ஃபோனைக் காதோடு ஒட்டிக்கொண்டிருந்தாள். எனக்குத் தெரிந்துவிட்டது. ஆல்ட்டோ வரிசையில், அதாவது பெண்களின் கீழ்க்குரல் வரிசையில், ஒருத்தி வரி முடிவை விழுங்குகிறாளே, அது நீதான். ஆறு வயதிலிருந்தே அப்படித்தான் பாடுகிறாய்.

இங்கே மலேசியாவில், நம் தெலுக் இந்தானில் ஓயாத மழை. நாலு நாளாகத் துணி காயவில்லை. சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

வார நாள் மாலை ஆராதனையில், குழந்தை இயேசுவைக் கையில் ஏந்திய கிழவன் சிமியோனின் பாட்டைத் தமிழில் ஒரு தடவை பாடச் சொல்கிறார்கள், அங்கே ஆங்கிலத்துக்கு வழக்கமாகப் பாடுகிற சாண்ட் மெட்டிலேயே, வசனத்துக்கு வசனம் திரும்ப வரும் அந்தக் குட்டி மெட்டிலேயே, தமிழ் வசனத்தை உட்காரவைத்துவிடலாமா என்று கேட்டிருந்தாய். வைக்கலாம். நாங்கள் ரப்பர் தோட்டத்தில் வருஷக்கணக்காக அதைத்தான் செய்தோம். ஆனால் எங்கே இடிக்கும் என்று தெரிந்துகொண்டு செய்.

முதலில் ஒன்று. மாலை ஆராதனையில் ஏன் இயேசுவின் தாய் மரியாளின் பாட்டும் சிமியோனின் பாட்டும் அடுத்தடுத்து வருகின்றன என்று உன்னை அங்கே யாராவது கேட்டால் முழிக்காதே. பழைய மடங்களில் சாயங்கால ஜெபம் தனி, படுக்கப்போகும் முன் செய்கிற ஜெபம் தனி. மரியாளின் பாட்டு முதலாவதில் இருந்தது, சிமியோன் பாட்டு இரண்டாவதில். 1549-இல் இங்கிலாந்துப் பேராயர் கிரான்மர் ஆங்கிலத்தில் ஜெபப் புத்தகம் கொண்டுவந்தபோது இரண்டு ஜெபங்களையும் ஒன்றாகச் சேர்த்தார். பாட்டுகளும் சேர்ந்து வந்துவிட்டன. அதே கிரான்மர் அதற்கு முன்னால், 1544-இல், ராஜா எட்டாம் ஹென்றிக்கு எழுதிய கடிதத்தில், கூடுமானவரை ஒவ்வொரு அசைக்கும் ஒரே ஒரு சுரம் இருக்கட்டும், அப்போதுதான் வார்த்தை விளங்கும் என்று சொல்லியிருக்கிறார். அந்த மனிதரோடு எனக்கு எல்லாவற்றிலும் ஒத்துப்போகாது. இந்த ஒன்றில் அவர் பக்கம்தான் நான்.

சாண்டின் கணக்கு உனக்குத் தெரியும். ஒற்றைச் சாண்டில் மொத்தம் 10 கார்டு, அதாவது எல்லாக் குரலும் சேர்ந்து ஒலிக்கிற 10 சுரக்கூட்டு. வசனத்தின் முதல் பாதிக்கு 4, இரண்டாம் பாதிக்கு 6. ஒவ்வொரு பாதியிலும் முதல் கார்டில் எத்தனை சொல் வந்தாலும் பேசுகிற வேகத்தில் ஓட்டிவிட்டு, கடைசிச் சில அசைகளுக்குத்தான் கார்டு மாற்றுகிறோம். ஆங்கிலத்தில் மரியாளின் முதல் அடி 'கர்த்தர்' என்ற சொல்லில் முடிகிறது. அதனால் மெட்டு இறங்கி நிற்கிற இடம் அவருக்குக் கிடைக்கிறது. தமிழில் என்ன ஆகிறது பார்: "என் ஆத்துமா கர்த்தரை மகிமைப்படுத்துகிறது." வினைச்சொல் கடைசியில் வருகிற பாஷை நம்முடையது. கர்த்தர் ஓட்டத்தில் போய்விடுகிறார். நீட்டி நிறுத்துகிற இடம் 'கிறது'வுக்குப் போகிறது.

1987-இல் பாடகர் குழு என் கைக்கு வந்த புதிதில் இது எனக்கு உறைக்கவில்லை. டவுனில் இரவல் வாங்கிய ஆங்கிலச் சாண்ட் புத்தகத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, என் நோட்டுப் புத்தகத்தில் எழுதிய தமிழ் வசனங்களில் கார்டு மாறும் இடத்திலெல்லாம் சிவப்பு மையால் கோடு போட்டேன். அந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்ததும் உன் பாட்டி கேட்டாள்: "கர்த்தரை ஓட ஓட விரட்டிட்டு 'கிறது'க்கு மட்டும் ஏன்டா நாற்காலி போடுற?" எழுதப் படிக்கத் தெரியாதவள். காலையில் ரப்பர் மரத்தில் பால் வெட்டி, பாலை ஊற்றிவிட்டு வந்து, லயத்துத் திண்ணையில் உட்கார்ந்து பாடியே எல்லாவற்றையும் மனப்பாடம் பண்ணினவள். (அப்போது அங்கே பால்மரம். இப்போது போய்ப் பார்த்தால் கண்ணுக்கெட்டின வரை செம்பனைதான். ஜெபக்கூடம் இருந்த இடத்தைக் கண்டுபிடிக்கவே எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது.)

அதற்குப் பிறகுதான் பாட்டியும் மற்றப் பெண்களும் எப்படிப் பாடுகிறார்கள் என்று காது கொடுத்தேன். அவர்கள் மெட்டுக்காகச் சொல்லை உடைக்க மாட்டார்கள். 'கர்த்தரை' வந்ததும் ஓட்டத்திலேயே லேசாக ஒரு அழுத்தம் கொடுத்துவிட்டு, 'மகிமைப்படுத்துகிறது' என்பதைச் சாதாரணமாக இறக்கிவிடுவார்கள். ஆனால் "பலவான்களை ஆசனங்களிலிருந்து தள்ளி" வரும்போது பார்க்க வேண்டும். 'தள்ளி' முடியாத சொல், அடுத்து என்ன என்று கேட்கிற சொல். மெட்டும் சரியாக அங்கேதான் பாதியில் நிற்கிறது. வாரம் பூராவும் பெரட்டில், காலையில் ஆள் கணக்கெடுக்கும்போது, ஏச்சு வாங்கினவர்கள், முதல் பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் தோட்டத்துக் கணக்குப்பிள்ளை கிராணியின் முதுகைப் பார்த்தபடி அந்தத் 'தள்ளி'யில் ஒரு நொடி கூடுதலாகவே நிற்பார்கள். அப்புறம்தான் "தாழ்மையானவர்களை உயர்த்தினார்". கிராணி ஒரு நாளும் திரும்பிப் பார்த்ததில்லை.

இப்போது உன் சிமியோன் பாட்டு. மரியாள் பாட்டில் நம் பாஷை இழந்ததை இங்கே திரும்ப வாங்கிக்கொள்கிறது. ஆங்கிலத்தில் "என் கண்கள் கண்டது" இரண்டாவது அடியிலேயே வந்துவிடும்; பாட்டு 'இஸ்ரவேலின் மகிமை'யில் முடியும். அதனால் இசையமைத்தவர்கள் பலர் கடைசியில் குரலை உயரத் தூக்குகிறார்கள். நம் வேதாகமத்தில் வரிசை தலைகீழ். நான் இப்படிப் பிரித்துக்கொள்வேன்: "ஆண்டவரே, உமது வார்த்தையின்படி" ஒரு பாதி, "உமது அடியேனை இப்பொழுது சமாதானத்தோடே போகவிடுகிறீர்" மறுபாதி. "புறஜாதிகளுக்குப் பிரகாசிக்கிற ஒளியாகவும்" ஒரு பாதி, "உம்முடைய ஜனமாகிய இஸ்ரவேலுக்கு மகிமையாகவும்" மறுபாதி. "தேவரீர் சகல ஜனங்களுக்கும் முன்பாக ஆயத்தம்பண்ணின" ஒரு பாதி, கடைசியில் "உம்முடைய இரட்சணியத்தை என் கண்கள் கண்டது." ஆங்கிலத்தில் நாலு சுற்று, நமக்கு மூன்றுதான். ஆர்கன் வாசிப்பவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடு, இல்லாவிட்டால் அவர் நாலாவது சுற்றை ஆரம்பித்துவிடுவார்.

'ஒளியாகவும்', 'மகிமையாகவும்' என்று அந்த 'உம்' எல்லாம் வினைச்சொல்லுக்காகக் காத்துக்கிடக்கின்றன. அந்தக் கிழவனும் ஆலயத்தில் காத்துக்கிடந்தவன்தானே. அதனால் நடுவில் உரக்கப் பாடி எல்லாவற்றையும் செலவழித்துவிடாதே. நீ அனுப்பிய பதிவில், இசையமைப்பாளர் ஸ்டான்ஃபோர்டின் ஜி மேஜர் ஆராதனை இசையில் (1904-இல் வந்தது) சிமியோனை ஒரு பேஸ் குரல், ஆண்களின் கீழ்க்குரல், தனியாகப் பாடுகிறது, கவனித்தாயா? அந்த நிதானம் போதும்.

பாட்டிக்குக் கண்புரை எடுத்துக் கட்டவிழ்த்த அன்று ஆஸ்பத்திரிக் கட்டிலிலேயே "என் கண்கள் கண்டது" என்று ஆரம்பித்துவிட்டாள். மலாய்க்கார நர்ஸ் மிஸ்ஸிக்கு ஒன்றும் புரியாமல் வலிக்கிறதா என்று கேட்டார். நீ அப்போது கைக்குழந்தை.

ஒரு சங்கீதமும் சேர்த்துக்கொள்ளலாமா என்றால், 136-ஐ எடு. 26 வசனமும் "அவர் கிருபை என்றுமுள்ளது" என்றே முடியும். நீ முதல் பாதியைத் தனியாகப் பாடு, தமிழ் தெரியாதவர்கள்கூட மறுபாதியை மூன்றாவது வசனத்துக்குள் பிடித்துக்கொள்வார்கள். தோட்டத்தில் பாதிப் பேர் புத்தகமே இல்லாமல் அப்படித்தான் முழுச் சங்கீதமும் பாடினார்கள். கீர்த்தனையில் பல்லவிக்குத் திரும்பித் திரும்பி வருகிற பழக்கம் நமக்கு ஏற்கெனவே இருந்ததால் அது இன்னும் சுலபமாகப் போயிற்று.

என் நோட்டுப் புத்தகத்தில் சிமியோன் பாட்டு இருக்கிற பக்கத்தை ஃபோட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறேன். ஒரு மூலையைக் கரையான் தின்றிருக்கிறது, பரவாயில்லை, எழுத்து தெரிகிறது. கடைசி அடியில் இரண்டு கோடு இருக்கும். 'இரட்சணியத்தை'க்கு முன்னால் இருக்கிற சிவப்புக் கோடு நான் 1987-இல் போட்டது. அங்கே கார்டு மாற்றினால் 'கண்டது' நெரிசலில் மாட்டிக்கொள்ளும். 'என்' முன்னால் பென்சிலில் மங்கலாக ஒன்று இருக்கிறது, பாட்டி பாடக் கேட்டுப் போட்டது. என், கண், கள், கண், டது, மிச்சமிருக்கிற ஐந்து கார்டுக்கும் சரியாக இருக்கும். பென்சிலைப் பார்த்துப் பாடு.

பாடினதும் பதிவை அனுப்பு. இங்கே விடிகாலையாக இருந்தாலும் பரவாயில்லை.

அப்பா