பவர் ஆம்ப் வாங்குவதற்கு முன்

அன்புள்ள மகளுக்கு,

வீட்டில் படம் பார்க்க ரிசீவரும் ஸ்பீக்கர்களும் இருக்கின்றன, ஸ்பீக்கர்களுக்குச் சக்தி தர ரிசீவருக்குள் இருக்கும் ஆம்ப் போதாமல் தனியாக ஒரு பவர் ஆம்ப் வேண்டுமா என்று கேட்டிருந்தாய். அவசரப்படாதே அம்மா.

100 வாட் இருந்த இடத்தில் 200 வாட் வந்தால் சத்தம் இரட்டிப்பாகும் என்று தோன்றும். ஆகாது. கூடுவது 3 டெசிபல்தான். கேட்டால் தெரியும், அவ்வளவே. இரு மடங்கு சத்தமாகத் தோன்ற ஏறக்குறைய பத்து மடங்கு வாட் வேண்டும். 88 டெசிபல் சென்சிட்டிவிட்டி (1 வாட் கொடுத்தால் 1 மீட்டரில் கேட்கும் சத்தம்) உள்ள ஸ்பீக்கருக்குப் பதில் 91 உள்ளதை வைத்தால், அதே 3 டெசிபல் ஆம்பைத் தொடாமலே கிடைத்துவிடும்.

நீ உட்காரும் தூரமும் முக்கியம். 1 மீட்டரில் 1 வாட்டுக்கு 88 டெசிபல் தரும் ஸ்பீக்கர், 4 மீட்டரில் திறந்தவெளிக் கணக்குப்படி 76க்கு இறங்கிவிடும். அங்கே 96 டெசிபல் உச்சத்தைத் தொட 100 வாட் வேண்டும். அதே உச்சத்துக்கு 2 மீட்டரில் 25 வாட்டே போதும். மூடிய அறையில் சுவர்களும் கொஞ்சம் திருப்பித் தரும் என்பதால், நிஜத்தில் இதைவிடக் குறைவாகவே தேவைப்படும்.

ரிசீவர் பெட்டியில் போட்டிருக்கும் வாட் பெரும்பாலும் இரண்டு சேனலை (ஒரு ஸ்பீக்கருக்கு ஒரு சேனல்) மட்டும் ஓட்டி அளந்தது. எல்லாச் சேனலும் ஒன்றாக ஓடினால் குறையும். அதற்காகப் பயப்படாதே, படத்தில் எல்லா ஸ்பீக்கரும் ஒரே நேரத்தில் உச்சத்தில் அலறுவது அபூர்வம்.

நான் பயப்படுவது வேறொன்றுக்கு. உன் வயதில் ஒரு சின்ன ஆம்பை வைத்துக்கொண்டு வால்யூமை ஏற்றிக்கொண்டே போனேன். முதலில் 'ச' வரும் இடமெல்லாம் கரகரத்தது. கவனித்தும் நிறுத்தவில்லை. கொஞ்ச நேரத்தில் ட்வீட்டர், அதாவது மெல்லிய உச்ச ஒலிகளைத் தரும் பாகம், ஊமையாகிவிட்டது. கழற்றிப் பார்த்தால், முடி போன்ற கம்பிச் சுருள் ஒரு இடத்தில் கறுத்து அறுந்திருந்தது. ஆம்பின் சக்தி தீர்ந்ததும் அலையின் தலை வெட்டுப்படும். அப்படி வெட்டுப்பட்ட அலையின் கூடுதல் சக்தி சூடாக ட்வீட்டரில்தான் இறங்கும். ஸ்பீக்கரைக் கெடுப்பது பெரிய ஆம்ப் மட்டும் என்று நினைத்துவிடாதே.

ஆகவே ஒரு சோதனை செய். சப்வூஃபர் இருந்தால், ரிசீவர் செட்டிங்கில் ஸ்பீக்கர்களை 'ஸ்மால்' என்று வைத்து, க்ராஸ்ஓவரை, அதாவது பேஸைப் பிரித்துவிடும் எல்லையை, 80 ஹெர்ட்ஸில் நிறுத்து. ஆழமான பேஸை சப்வூஃபர் வாங்கிக்கொள்ளும், ரிசீவரின் பாரம் நன்றாகக் குறையும். அப்புறம் உனக்குப் பிடித்த சத்தமான காட்சியை, வழக்கமாக வைக்கும் வால்யூமில் முழுக்கப் போட்டுக் கேள். வசனம் தெளிவாக இருந்து, எதுவும் கரகரக்காமல் இருந்தால் ஆம்ப் வேண்டாம். அந்தப் பணத்தை ஸ்பீக்கரிலோ சப்வூஃபரிலோ போடு.

சத்தம் ஏற ஏறக் குரல் இறுகிக் காதைக் குத்துகிறதா? ரிசீவர் தானே அணைந்துவிடுகிறதா? ஸ்பீக்கர் 4 ஓமா (ஓம் குறைந்தால் ஆம்புக்குப் பாரம் கூடும்), அறை பெரிதா? அப்போது ஆம்ப் நியாயமானது. ரிசீவருக்கு மேலே காற்றுப் போக இடம் இருக்கிறதா என்று மட்டும் முதலில் பார். அலமாரிக்குள் திணித்த ரிசீவர் சூட்டிலேயே அணையும்.

வாங்குவதாக இருந்தால், ரிசீவரின் பின்னால் 'ப்ரீ-அவுட்' (வெளி ஆம்புக்குச் சிக்னல் தரும் இணைப்பு) இருக்கிறதா என்று பார்த்துக்கொள். அது இல்லாமல் ஆம்பை முறையாக இணைக்க வழியில்லை. முன்பக்க மூன்று ஸ்பீக்கர்களை மட்டும் ஆம்புக்கு மாற்றினாலே போதும். மாற்றியதும், ஸ்பீக்கர்களின் சத்தத்தைச் சமப்படுத்தும் ரிசீவரின் அளவீட்டை மைக் வைத்து மறுபடி ஓட்டு, லெவல் எல்லாம் மாறியிருக்கும்.

சோபாவிலிருந்து ஸ்பீக்கர் வரை டேப் பிடித்து அளந்து, ஸ்பீக்கரின் ஓமையும் சென்சிட்டிவிட்டியையும் சேர்த்து எழுது. உட்கார்ந்து கணக்குப் போட்டுச் சொல்கிறேன்.

அன்புடன்,
அப்பா