பரோட்டாக் கடைக்குச் சீட்டு எழுதிக்கிட்டுப் போற பையனுக்காக ஒரு மடல்

டிவி நிகழ்ச்சிங்க மேல வர்ற புகாரை விசாரிக்கிற ஐயாமாருக்கும் அம்மாமாருக்கும் மதுரை செல்லூர்ல இருந்து வணக்கம்.

என் அக்கா மகன் எட்டாவது படிக்கிறான். அவனுக்குக் கொஞ்சம் திக்கும். 'ப', 'க'னு ஆரம்பிக்கிற வார்த்தைதான் மாட்டும், ரெண்டு மூணு தடவை முட்டிட்டு வந்துரும், நாங்க பாட்டுக்குக் காத்திருப்போம், வீட்டுல அது ஒரு விசயமே கிடையாது. போன வருசம் ஒரு ஞாயித்துக்கிழமை ராத்திரி எல்லாரும் உக்காந்து ஒரு காமெடி ஷோ பாத்துக்கிட்டு இருந்தோம். பொண்ணு பாக்க வர்ற மாப்பிள்ளைக்குத் திக்கும், அம்புட்டுதான் காமெடி. பொண்ணு பேரைச் சொல்ல முடியாம அவரு திணறத் திணற பொண்ணோட அப்பா முதுகுல தட்டுறாரு, பக்கத்துல நிக்கிறவரு "நெட் சுத்துதுடா, ரீசார்ஜ் பண்ணுங்கடா"ங்குறாரு, ஜட்ஜா உக்காந்திருக்கவங்க மேசையத் தட்டித் தட்டிச் சிரிக்கிறாங்க. ஏழெட்டு நிமிசம் இதேதான். பையனும் எங்களப் பாத்துட்டுச் சிரிச்சான். அக்கா ரிமோட்டைத் தேடுச்சு.

மறுநா பள்ளிக்கூடத்துல அவனுக்கு 'ரீசார்ஜ்'னு பேரு விழுந்துருச்சு. அது எங்களுக்குத் தெரியவே தெரியாது. ஒரு பத்து நாள் கழிச்சு தெருமுனை பரோட்டாக் கடை அண்ணன் என்னைக் கூப்ட்டு, "என்னப்பா, தம்பிக்குத் தொண்டை கிண்டை சரியில்லையா"னு கேட்டுட்டு கல்லாப்பெட்டில இருந்து ஒரு சீட்டை எடுத்துக் காட்டுனாரு. கணக்கு நோட்டுல கிழிச்ச துண்டு, பென்சில்ல, "4 பரோட்டா, சால்னா தனியா". பரோட்டா 'ப'வுலதான ஆரம்பிக்குது. அந்தக் கையெழுத்தைப் பாத்து எனக்கு நெஞ்சு அடைச்சுருச்சு.

சேனலுக்குப் புகார் எழுதுனேன். பதில் மூணு வரி, இங்கிலீசுல. யாரையும் புண்படுத்துறது நோக்கம் இல்லையாம், பார்வையாளர்களோட உணர்வை மதிக்கிறாங்களாம். எந்தக் காட்சியைப் பாத்தாங்க, யாரு பாத்தாங்க, அது விதிக்குள்ள வருதா வரலையா, ஒண்ணும் கிடையாது. எந்த நிகழ்ச்சிக்கும் பேரை மட்டும் மாத்தி அனுப்புற மாதிரி ஒரு பதில்.

2021ல கேபிள் டிவி விதிகள்ல கொண்டு வந்த திருத்தத்துல மூணு படி வச்சிருக்கீங்க. முதல்ல சேனல், 24 மணி நேரத்துல புகார் கிடைச்சதுனு சொல்லணும், 15 நாள்ல முடிவு சொல்லணும். திருப்தி இல்லைனா அடுத்த 15 நாளைக்குள்ள சேனல்களோட சுய கட்டுப்பாட்டு அமைப்புக்கு அப்பீல் போகலாம், அதுக்கும் மேல தகவல் ஒலிபரப்பு அமைச்சகம். படிக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா அப்பீல்னு ஒண்ணு இருக்குன்னு அந்த மூணு வரில ஒரு வார்த்தை இல்ல, தெரிஞ்ச வக்கீல் ஒருத்தர் சொல்லி நான் தெரிஞ்சுக்கிட்டப்ப நாளு கடந்துபோச்சு. 15 நாள்ங்கிறது விவரம் தெரிஞ்சவனுக்குத்தான் 15 நாள், எங்க தெருவுல இருக்கிறவங்களுக்கு அது கதவை மூடுறதுதான்.

1994 கேபிள் டிவி விதிகள்ல ஆறாவது விதி என்ன சொல்லுது, நல்ல ரசனைக்கும் கண்ணியத்துக்கும் விரோதமா எதையும் காட்டக் கூடாதுனு சொல்லுது, பெண்களையும் குழந்தைங்களையும் இழிவுபடுத்தக் கூடாதுனு சொல்லுது. 2024 ஜூலை 8ல சுப்ரீம் கோர்ட்டே இதைப் பேசியிருக்கு, ஒரு இந்திப் படத்துல பேச்சுக் குறை உள்ளவரை சிக்கிக்கிட்ட கேசட்னு கிண்டல் பண்ண வழக்கு அது. மாற்றுத்திறனாளியோட வாழ்க்கையைப் புரிய வைக்கிற நகைச்சுவை வேற, அவங்களை மட்டம் தட்டுற நகைச்சுவை வேறனு கோர்ட்டு பிரிச்சுக் காட்டுச்சு. அந்த வித்தியாசத்தை வச்சு இந்த ஏழெட்டு நிமிசத்தைப் பாருங்கன்னுதான் நான் கேக்குறேன்.

சிரிக்கத் தெரியாதவன் எழுதுறான்னு நினைச்சுராதீங்க. வடிவேலு பொறந்த ஊரு இது, லந்து குடுக்காம எங்களுக்கு ஒரு டீ இறங்காது. பெரிய பதவில இருக்கவங்களைக் கிண்டல் பண்ணா நான் உங்ககிட்ட வர மாட்டேன். 2022 பொங்கல் சமயத்துல ஒரு தமிழ் சேனல்ல சின்னப் பிள்ளைங்க ராஜா மந்திரி வேசம் போட்டு நடிச்சதுல பிரதமரைக் கேலி பண்ணிட்டாங்கன்னு பாஜக தரப்புல புகார் போச்சு, சில நாள்லயே அமைச்சகம் 7 நாளைக்குள்ள பதில் சொல்லுனு நோட்டீஸ் அனுப்பிருச்சு. அதுக்கு நோட்டீசே தேவையில்லைங்கிறது என் கருத்து, நாட்டை ஆள்றவரு அதையெல்லாம் தாங்குவாரு, தாங்கணும். எட்டாவது படிக்கிறவன் எப்படித் தாங்குவான்? அந்த வேகம் உங்க கையில இருக்குங்கிறதை மட்டும் அன்னைக்குத் தெரிஞ்சுக்கிட்டோம்.

பிரிட்டன்ல 2010 கடைசில சேனல் 4 காமெடி ஷோ ஒண்ணுல கண் பார்வைக் குறைபாடு உள்ள ஒரு சின்னப் பையனை வச்சு அசிங்கமா ஜோக் அடிச்சாங்க. அங்க டிவி நிகழ்ச்சிங்களைக் கண்காணிக்கிற ஆஃப்காம்ங்கிற அமைப்பு விசாரிச்சு 2011 ஏப்ரல்ல விதியை மீறுனதுதான்னு தீர்ப்பு சொல்லுச்சு. அந்த ஜோக் என்ன, சேனல் என்ன சமாதானம் சொல்லுச்சு, ஏன் அதை ஏத்துக்கலைன்னு யாரும் படிக்கிற மாதிரி அதை வெளியிட்டாங்க. எங்களுக்கு வேண்டியதும் அந்தக் காரணந்தான். தப்பு இல்லைன்னு நீங்க முடிவு பண்ணாலும் ஏன் இல்லைன்னு தமிழ்ல எழுதுங்க, நான் அக்காகிட்ட வாசிச்சுக் காட்டணும்.

சேனல் அனுப்புற பதில்ல அடுத்து எங்க போகணும், எத்தனை நாளைக்குள்ள போகணும்னு தமிழ்ல கட்டாயம் போடச் சொல்லுங்க. விசாரிக்கிறப்ப திக்கிப் பேசுற ஒருத்தரையாவது பக்கத்துல உக்கார வச்சுக்கங்க, அவரு பேசி முடிக்கிற வரைக்கும் பொறுங்க. அந்தக் காட்சி இன்னமும் யூடியூப்ல துண்டு துண்டா ஓடிக்கிட்டு இருக்கு, அதை எடுக்கச் சொல்லுங்க. வருத்தம் தெரிவிக்கச் சொல்றதா இருந்தா விடியக்காலைல யாரும் பாக்காத நேரத்துல கீழ ஓடுற பொடி எழுத்துல வேணாம், அதே ஞாயித்துக்கிழமை ராத்திரி, அதே ஷோ ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி, ஒருத்தர் வாயைத் திறந்து சொல்லட்டும். அந்த நேரத்துலதான் அவன் டிவி முன்னாடி உக்காந்திருப்பான்.