லேத்துப் பட்டறைகளுக்கும் இருசக்கர வாகனப் பணிமனைகளுக்கும் ஒரு திறந்த மடல்

பெறுநர்: கோவை, திருப்பூர், ஈரோடு, நாமக்கல், சேலம், கரூர் மாவட்டங்களில் இருசக்கர வாகனப் பணிமனை நடத்துவோர், லேத்துப் பட்டறை உரிமையாளர்கள், உதிரிபாக வணிகர்கள்

அன்புடையீர், வணக்கம்.

ஒரு வண்டியின் முன் ஃபோர்க்கையும் (முன் சக்கரத்தைத் தாங்கும் கால்கள்), இன்னொரு வண்டியின் டிஸ்க்கையும் (பிரேக் பிடிக்கும் வட்டத் தகடு), மூன்றாவது வண்டியின் காலிப்பரையும் (அந்தத் தகட்டை இறுக்கிப் பிடிக்கும் கவ்வி) சேர்த்து நான்காவதாக ஒரு வண்டியில் ஏற்றிக் கொடுப்பது நம் மாவட்டங்களில் அன்றாட வேலையாகிவிட்டது. அதைப் பற்றிப் பேசவே இந்த மடல். காவல் துறைக்கோ வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்கோ எழுதாமல் உங்களுக்கு எழுதக் காரணம் உண்டு. வேறு ஊர்களில் ஓர் உதிரிபாகம் பொருந்தவில்லை என்றால் பெரும்பாலும் அதை ஏற்றும் ஆசை அத்தோடு முடிந்துவிடும். இங்கே முடிவதில்லை. பம்ப்செட்டுக்கும் நூற்பாலை இயந்திரத்துக்கும் பாகம் கடைந்து பழகிய கைகள் கணபதியிலும் பீளமேட்டிலும் தெருவுக்குத் தெரு இருக்கின்றன. ஆக்ஸில் மெல்லியதாக இருக்கிறதா, இடைவெளியை நிரப்ப ஒரு புஷ் (உருளை வளையம்) கடைந்தால் போயிற்று. காலிப்பர் எட்டவில்லையா, தகடு வெட்டி ஒரு பிராக்கெட் செய்தால் போயிற்று. எதையும் எதிலும் ஏற்றிவிடும் இந்தத் திறமை நம்மிடம் இருப்பதால்தான், ஏற்றிய பிறகு அது சரியாக வேலை செய்யுமா என்று யாரும் கேட்பதில்லை.

"கச்சிதமா உக்காந்திருச்சுங்க" என்று சொல்லி நீங்கள் வண்டியை ஒப்படைக்கும்போது பொய் சொல்லவில்லை என்பது எனக்குத் தெரியும். பாலிடெக்னிக் ஒன்றில் ஆட்டோமொபைல் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவன் நான். என்னிடம் படித்தவர்கள் சிலரே இன்று இந்த வேலையைச் செய்கிறார்கள், சுத்தமாகவும் செய்கிறார்கள். என் வருத்தம் வேலையின் சுத்தத்தைப் பற்றியதல்ல. ஒரு நிறுவனம், லீவரை அழுத்தும்போது பிரேக் ஆயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டர், ஆயில் போகும் ஹோஸ், காலிப்பர், டிஸ்க், ஃபோர்க், ஸ்பிரிங் எல்லாவற்றையும் வண்டியின் எடைக்கும் சக்கரத்தின் அளவுக்கும் சேர்த்துக் கணக்கிட்டுத்தான் தீர்மானிக்கிறது. அவற்றில் ஒன்றை மட்டும் மாற்றினாலும் மற்றவற்றின் கணக்கு தவறிவிடுகிறது.

யமஹா ஆர்எக்ஸ் 100-ஐ எடுத்துக்கொள்வோம். 1996-ஆம் ஆண்டோடு நின்றுபோன அந்த வண்டியை நம் பக்கத்து இளைஞர்கள் இன்னும் கைவிடவில்லை. அதன் முன் சக்கரத்தில் இருப்பது 130 மில்லிமீட்டர் டிரம் பிரேக். இன்றைய சாலை வேகத்துக்கு அது போதவில்லை என்று டிஸ்க் கேட்பது நியாயமான ஆசைதான். ஆனால் கிடைப்பது என்ன? அண்மையில் ஒரு பணிமனையில், அப்படி மாற்றிய வண்டியிலிருந்து கழற்றி வைத்திருந்த, டிஸ்க்கை உரசிப் பிடிக்கும் பிரேக் பேடைக் கையில் வாங்கிப் பார்த்தேன். பேடின் முக்கால் பாகம் நன்றாகத் தேய்ந்திருந்தது; வெளி ஓரத்தில் மட்டும் தேயாத பகுதி ஒன்று வயல் வரப்பைப் போல எழுந்து நின்றது. காலிப்பரைத் தாங்கும் பிராக்கெட்டைக் கண்ணளவில் வெட்டியதால் பேடின் ஒரு பகுதி டிஸ்க்கின் விளிம்பைத் தாண்டி வெளியே நின்றிருக்கிறது. டிஸ்க்கைத் தொடும் பகுதி நாளுக்கு நாள் தேயும், தொடாத பகுதி அப்படியே இருக்கும். தேய்மானம் கூடக்கூட இரு பக்கத்துப் பேடுகளின் தேயாத ஓரங்களும் டிஸ்க்குக்கு வெளியே ஒன்றையொன்று முட்டிக்கொள்ளும். அதன்பின் லீவரை எவ்வளவு அழுத்தினாலும் பேடு பேடைத்தான் அழுத்தும். ஓட்டுபவருக்கு இது முன்கூட்டித் தெரிய வழியே இல்லை, ஏனென்றால் அன்று வரை பிரேக் பிடித்துக்கொண்டுதான் இருந்திருக்கும்.

அடுத்து மாஸ்டர் சிலிண்டர். பெரிய வண்டியின் மாஸ்டர் சிலிண்டரை மாட்டினால் பிரேக் பலமாகிவிடும் என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. உண்மை அதற்கு நேர் எதிரானது. 11 மில்லிமீட்டர் பிஸ்டன் இருந்த இடத்தில் 14 மில்லிமீட்டர் பிஸ்டன் வந்தால் அதன் பரப்பு ஏறக்குறைய 1.6 மடங்காகிறது. கை அதே பலத்தோடு அழுத்தினாலும் காலிப்பருக்குப் போய்ச் சேரும் அழுத்தம் சுமார் 38 சதவீதம் குறைகிறது. லீவர் கொஞ்ச தூரமே நகர்ந்து இறுக்கமாக நிற்பதால், "பிரேக் கல்லு மாதிரி நிக்குது" என்று வாடிக்கையாளர் மகிழ்ந்துபோகிறார். கைக்குக் கல்லாக இருப்பது லீவர்தான். சக்கரத்தில் பிடிப்பு முன்பைவிடக் குறைவு. இதைத் தலைகீழாகச் செய்து, சிறிய மாஸ்டர் சிலிண்டரோடு பெரிய காலிப்பரை இணைத்தால் லீவர் ஆக்ஸிலரேட்டர் பிடியைத் தொடும் அளவுக்கு இறங்கும். மணல் கிடக்கும் திருப்பத்தில் சற்றே கூடுதலாக அழுத்தினால் முன் சக்கரம் அப்படியே நின்றுபோகும்.

சிவப்பிலும் பொன்னிறத்திலும் தொங்கவிட்டு விற்கப்படும் சிஎன்சி (கணினி இயந்திரத்தில் கடைந்த) லீவர்களைப் பற்றியும் வணிகர்களிடம் ஒன்று சொல்ல வேண்டும். இதை நான் மற்றவற்றைவிட அதிகமாக அஞ்சுகிறேன். மாஸ்டர் சிலிண்டருக்குள், லீவரை விட்டதும் பிரேக் ஆயில் மேல் தொட்டிக்குத் திரும்பிச் செல்ல மிகச் சிறிய துளை ஒன்று இருக்கிறது. லீவர் முழுதாகத் திரும்பி, பிஸ்டன் கடைசி வரை பின்னால் வந்தால்தான் அந்தத் துளை திறக்கும். லீவரின் தொடக்கத்தில் சிறு தளர்வு விட்டிருப்பது அதற்காகத்தான். வேறு மாடலுக்குச் செய்த லீவரை மாட்டும்போது அதன் மூக்கு அரை மில்லிமீட்டர் நீளமாக இருந்தால்கூடப் பிஸ்டன் முழுதாகத் திரும்பாமல் துளை மூடியே கிடக்கும். சமதளத்தில் வீட்டுக்கும் கடைக்கும் ஓட்டும் வரை பெரிதாக எதுவும் தெரியாது. திம்பத்திலிருந்து பண்ணாரிக்கு 27 கொண்டை ஊசி வளைவுகளையும் பிரேக் பிடித்துக்கொண்டே இறங்கும்போது ஆயில் சூடாகி விரிகிறது. விரிந்த ஆயிலுக்குத் திரும்பும் வழி அடைபட்டிருப்பதால் அது பிஸ்டனைத் தள்ளிப் பேடை டிஸ்க்கோடு இறுக்குகிறது. இறுக்கத்தால் சூடு கூடுகிறது, சூட்டால் இறுக்கம் கூடுகிறது. லீவரைத் தொடாமலே முன் சக்கரம் பிடித்துக்கொள்ளும். போதாக்குறைக்கு அந்த ஆயில் மாற்றாமலே கிடந்து ஈரத்தை உறிஞ்சியதாக இருந்தால் வேறொரு ஆபத்தும் உண்டு. புதிய டாட் 4 ரக பிரேக் ஆயில் குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்கக் கூடாது. ஈரம் ஏறிய பிறகு அந்த வரம்பு 155 டிகிரிக்கு இறங்கிவிடுகிறது. கொதித்த ஆயிலில் உண்டாகும் ஆவி அழுத்தத்துக்குச் சுருங்கிக் கொடுப்பதால் லீவர் பிடிவரை போய்விடும்; பிரேக் மட்டும் பிடிக்காது. வால்பாறையின் 40 வளைவுகளுக்கும் கொல்லிமலையின் 70 வளைவுகளுக்கும் வார இறுதியில் கிளம்பும் வண்டிகளில் எத்தனை உங்கள் கைபட்டவை என்பது உங்களுக்கே தெரியும்.

போல்ட்டைப் பற்றி ஒரு வார்த்தை. காலிப்பரைத் தாங்கும் போல்ட்டின் தலையில் வலிமையைக் குறிக்கும் 8.8 என்றோ அதற்கு மேற்பட்ட எண்ணோ இருக்க வேண்டும். ஹார்டுவேர் கடையில் எடைக்கு வாங்கும் 4.6 ரகம் அதன் பாதி இழுவிசையைத்தான் தாங்கும். எவ்வளவோ செலவழித்து டிஸ்க் மாற்றியவரின் வண்டியில் இந்த ஓர் இடத்தில் மிச்சம் பிடிக்கப்பட்டிருப்பதைப் பார்க்கும்போது கோபம்தான் வருகிறது.

சஸ்பென்ஷனுக்கு வருவோம். கேடிஎம் டியூக் 390-இன் 43 மில்லிமீட்டர் யுஎஸ்டி (தலைகீழாகப் பொருத்தப்பட்ட) ஃபோர்க் அழகானது, உறுதியானது. ஆனால் அதன் ஸ்பிரிங் 150 கிலோவுக்கு மேற்பட்ட வண்டிக்கானது. 100 கிலோ வண்டியில் அதை ஏற்றினால் மேடுபள்ளத்தில் ஸ்பிரிங் அமுங்குவதற்குப் பதிலாகச் சக்கரமே தரையை விட்டு எழும்புகிறது. தரையைத் தொடாத சக்கரத்தில் எந்த பிரேக்கும் பயன்படாது. பின்பக்கம் உயரமான ஷாக் அப்சார்பர் போடுவது பார்வைக்குச் சிறிய மாற்றம். இரு சக்கரங்களுக்கும் இடைவெளி 1,350 மில்லிமீட்டர் உள்ள வண்டியின் பின்பாகத்தை 25 மில்லிமீட்டர் உயர்த்தினால் முன் ஃபோர்க்கின் சாய்வு ஏறக்குறைய ஒரு டிகிரி நிமிர்கிறது. நேராகப் போக வேண்டிய வேகத்தில் ஹேண்டில் பாருக்கு ஒரு படபடப்பு வந்துவிடுகிறது. இரட்டை ஷாக் வண்டியை மோனோ ஷாக்காக மாற்றித் தருவது இன்னும் மோசம். பின் ஆக்ஸிலுக்குப் பக்கத்தில் இருந்த ஷாக்கை, பின் சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்மின் அச்சுக்கு அருகே கொண்டுபோனால், சக்கரத்தில் விழும் அடி நெம்புகோல் கணக்கில் இரண்டு மூன்று மடங்காகி ஷாக்கின் மேல்முனையில் விழுகிறது. அந்த மேல்முனையை நீங்கள் பற்றவைப்பது, அப்படியொரு பளுவை எதிர்பார்த்தே இராத ஃபிரேம் குழாயில்.

பகட்டுக்காக மாற்றுபவர்களை மட்டும் மனத்தில் வைத்து இதை எழுதவில்லை. விடிகாலையில் பால் கேன்களோடு சொசைட்டிக்குப் போகிறவரும், திருப்பூரில் பீஸ் (வெட்டிய துணி) மூட்டைகளை யூனிட்டுக்கு யூனிட் ஏற்றிச் செல்பவரும் கடினமான பின் ஸ்பிரிங் கேட்பது பிழைப்புக்காக. அவர்களைத் திருப்பி அனுப்பச் சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் பாரத்தோடு போகும்போது சரியாக இருக்கும் ஸ்பிரிங், வெறும் வண்டியாகத் திரும்பும்போது பின் சக்கரத்தைத் துள்ளவைக்கிறது. அந்த நேரத்தில் பிரேக்கை மிதித்தால் சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்குகிறது என்பதையாவது அவர்களிடம் சொல்லுங்கள். பல வண்டிகளின் பின் ஷாக்கில் பாரத்துக்கேற்ப ஸ்பிரிங்கை இறுக்கவும் தளர்த்தவும் படிகள் நிறுவனமே வைத்துத் தந்திருக்கிறது. சேறு அப்பி, வாங்கிய நாளிலிருந்து திருப்பப்படாமலே அவை கிடக்கின்றன. புதிய ஸ்பிரிங்கை விற்பதற்கு முன் சி ஸ்பேனரை எடுத்து அதைத் திருப்பிக் காட்டலாம்.

2019 ஏப்ரல் முதல் விற்கப்படும் 125 சிசிக்கு மேற்பட்ட வண்டிகளில், பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் கட்டாயம். அவற்றில் வேறு வண்டியின் சக்கரத்தையோ ஏபிஎஸ் வளையத்தையோ மாட்டினால், வளையத்தின் பற்களை எண்ணி வேகத்தைக் கணிக்கும் கருவி தவறாக எண்ணும்; சக்கரம் வழுக்குவதாக நினைத்து, பிரேக் தேவைப்படும் வேளையில் அதைத் தளர்த்திவிடவும் கூடும்.

சட்டத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆவது பிரிவு, பதிவுச் சான்றிலுள்ள விவரங்கள் மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019-இல் திருத்தப்பட்ட 182ஏ பிரிவின்படி, அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ உண்டு. பாதுகாப்புக்கு இன்றியமையாதது என்று மத்திய அரசு அறிவித்த பாகத்தைத் தரம் இல்லாமல் விற்பவருக்கு ஒரு பாகத்துக்கு ஒரு லட்சம் ரூபாய் அபராதமோ ஓராண்டு வரை சிறையோ விதிக்கலாம். நடைமுறையில் சோதனைக்கு நிற்கும் காவலர் சைலன்சரைப் பிடிக்கிறாரே தவிர, மாஸ்டர் சிலிண்டரைப் பார்ப்பதில்லை. 15 ஆண்டு கடந்த வண்டியின் பதிவைப் புதுப்பிக்கக் காட்டும் நாளில் பழைய டிரம்மை மாட்டிக் காட்டிவிட்டு, மறுநாள் டிஸ்க்கை ஏற்றிக்கொள்வதும் நடக்கிறது. ஆகவே இந்தப் பழக்கம் உங்கள் மேசையில்தான் நிற்க வேண்டியிருக்கிறது.

மாற்றமே கூடாது என்பது என் வாதமல்ல. செட்டிபாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வேயில் ஓடும் பந்தய வண்டிகளும் மாற்றப்பட்டவைதான். அங்கே ஒரு பாகத்தை மாற்றுபவர் அதோடு தொடர்புடைய எல்லாவற்றையும் கணக்கிட்டு மாற்றுகிறார், ஓட்டிப் பார்த்துத் திருத்துகிறார். சாலை வண்டிக்கு அவ்வளவு முடியாது. டிரம்முக்குப் பதில் டிஸ்க் வேண்டும் என்று சட்டப்படி அனுமதி பெற்று வருபவருக்கு, மாஸ்டர் சிலிண்டர் முதல் டிஸ்க் வரை ஒரே மாடலின் முழுத் தொகுதியாக, எடையிலும் சக்கர அளவிலும் நெருங்கிய வண்டியிலிருந்து எடுத்துக் கொடுங்கள். ஃபோர்க் காலிலும் ஸ்விங் ஆர்மிலும் வெல்டிங் வைக்கச் சொன்னால் மறுத்துவிடுங்கள். வேலை முடிந்ததும் முன் சக்கரத்தைத் தூக்கி, பிரேக்கைப் பலமுறை அழுத்தி விட்டு, சக்கரம் தடையின்றிச் சுழல்கிறதா என்று வாடிக்கையாளரின் முன்னிலையிலேயே காட்டுங்கள். லேத்துப் பட்டறையினர் ஒரு புஷ்ஷையோ பிராக்கெட்டையோ கடையத் தொடங்குவதற்கு முன், அது எந்த வண்டியில் எதைத் தாங்கப் போகிறது என்று கேளுங்கள். பிரேக்கைத் தாங்குவது என்றால் உலோக ரகத்தையும் தடிமனையும் நீங்களே முடிவு செய்யுங்கள், கொண்டுவரும் பையனின் சொல்லுக்கு விடாதீர்கள்.

பில்லில் "டிஸ்க் வேலை" என்று மட்டும் எழுதாமல், எந்த மாடலின் எந்தப் பாகம் ஏற்றப்பட்டது என்று எழுதிக் கொடுங்கள். அந்த வண்டி கைமாறிக் கரூரிலோ காங்கேயத்திலோ வேறொரு மெக்கானிக்கிடம் பேட் மாற்ற வரும்போது, எந்தப் பேட் வாங்குவது என்று அவருக்குத் தெரிய வேறு வழியில்லை. கழற்றிய பழைய பாகங்களையும் எடைக்குப் போடாமல் உரிமையாளரிடமே கொடுத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆட்டோமொபைல் விரிவுரையாளர் ஒருவர்,
கோயம்புத்தூர்