85-ஆ, 100-ஆ?

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. மூட்டு வலி குறைந்து அம்மா மறுபடி மாடிப்படி ஏறுகிறார் என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது. இங்கே எல்லோரும் நலம். மகள் வெளியூரில் படிக்கிறாள். அவளுடைய மேசையை இப்போது என் லென்ஸ்கள் பிடித்துக்கொண்டன, விடுமுறைக்கு வரும்போது சண்டை நிச்சயம்.

சரி, நீ கேட்டதற்கு வருகிறேன். சோனியின் 85 எம்எம் எஃப் 1.4 ஜி மாஸ்டர், மங்கலை மென்மையாக்கவென்றே செய்த 100 எம்எம் எஃப் 2.8 எஸ்டிஎஃப் என்ற இரண்டு லென்ஸிலும் ஒரே முகத்தை, படத்தில் ஒரே அளவில் வரும்படி மாற்றி மாற்றி எடுத்துப் பார்த்தேன். எது பின்னணியை அதிகம் மங்கலாக்கும் என்று கேட்டிருந்தாய். அதற்கு லென்ஸே வேண்டாம், கணக்கு போதும். லென்ஸின் குவியத் தூரத்தை எஃப் எண்ணால் வகுத்தால், வெளிச்சம் நுழையும் திறப்பின் விட்டம் வரும். 85-ஐ 1.4-ஆல் வகுத்தால் 61 மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. 100-ஐ 2.8-ஆல் வகுத்தால் 36 கூட வராது. முகத்தின் அளவு மாறாதவரை, வெகுதூரத்தில் இருக்கும் விளக்கு எவ்வளவு பெரிய வட்டமாக விரியும் என்பது இந்த விட்டத்தைப் பொறுத்தது. ஆக, அளவில் 85-தான் ஜெயிக்கிறது, சந்தேகமே இல்லை.

ஆனால் மரத்தடியில் எடுத்த படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தபோதுதான் விஷயமே தெரிந்தது. இலை இடுக்குகளில் வழியும் வெயில், 85-இல் தட்டுத் தட்டாக, ஒன்றின் மேல் ஒன்று ஏறி நிற்கிறது. ஒவ்வொன்றுக்கும் விளிம்பு தெரிகிறது. படத்தின் மூலைக்குப் போகப்போக அவை நசுங்கிப் பூனைக்கண் போல ஆகிவிடுகின்றன. அதே இலைகள் எஸ்டிஎஃப்-இல் வேறு மாதிரி: வட்டத்தின் நடுவில் வெளிச்சம், ஓரத்தில் ஒன்றுமில்லை. எங்கே ஒன்று முடிந்து அடுத்தது தொடங்குகிறது என்று விரல் வைத்துக் காட்ட முடியாது. காதுக்குப் பின்னால் ஃபோகஸ் விட்டுப்போகும் முடிகூட அப்படித்தான், இருந்த இடம் தெரியாமல் மறைகிறது.

காரணம் உள்ளே இருக்கும் ஒரு வடிகட்டி. நடுவில் தெளிவாகவும் விளிம்பை நோக்கிப் போகப்போகக் கறுத்தும் இருக்கும். மினோல்டா 1999-லேயே 135 எம்எம் எஸ்டிஎஃப்-இல் இதைச் செய்துவிட்டது, ஆனால் அதில் கையால்தான் ஃபோகஸ் செய்ய வேண்டும். நிக்கானின் பழைய டிசி லென்ஸ்கள் நினைவிருக்கிறதா? வளையத்தைத் திருப்பி முன்பக்க மங்கலா, பின்பக்க மங்கலா என்று நாம்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். ஒன்று மென்மையானால் மற்றது முரட்டுத்தனமாகும். எஸ்டிஎஃப்-இல் அந்தப் பஞ்சாயத்தே இல்லை, இரு பக்கமும் மென்மைதான்.

இதற்கு வெளிச்சத்தில் விலை கொடுக்க வேண்டும். வடிகட்டி விழுங்கியது போக மிஞ்சுவது டி 5.6, அதாவது எஃப் 5.6 அளவு வெளிச்சம்தான். எஃப் 1.4-ஓடு ஒப்பிட்டால் 16-இல் ஒரு பங்கு வெளிச்சம்! அங்கே ஐஎஸ்ஓ (கேமராவின் ஒளி உணர்திறன்) 400 போதும் என்றால், அதே ஷட்டர் வேகத்துக்கு இங்கே 6400 வேண்டும். அபெர்ச்சரை, அதாவது அந்தத் திறப்பை, சுருக்கியும் பயனில்லை; முதலில் அடிபடுவது அந்தக் கறுத்த விளிம்புதான், பிறகு அது சாதாரண லென்ஸ். முழுதாகத் திறந்து வைத்து எடுக்கத்தான் அதை வாங்குவார்கள்.

நீ பெரும்பாலும் சாயங்காலம், வீட்டுக்குள், ஓடியாடும் பிள்ளைகளை எடுப்பவன். உனக்கு 85-தான். எஸ்டிஎஃப் பகல் வெளிச்சத்தில், செடிகொடி பின்னால் நெருக்கியடிக்கும் இடத்தில், பொறுமையாக உட்காருகிறவர்களுக்கு. எனக்கு அந்த மாதிரி ஆட்கள் அதிகம் கிடைப்பதால் ஆசை அந்தப் பக்கமே சாய்கிறது. 85-இல் பூனைக்கண் உறுத்தினால் எஃப் 2-க்குக் கொஞ்சம் சுருக்கிப் பார், மூலையில் ஓரளவு வட்டமாகிவிடும். திறப்பைச் சுருக்கும் தகடுகள் 11 இருப்பதால் வட்டத்தில் கோணலும் விழாது.

ஜன்னலோரமாக நீ எடுத்தனுப்பிய அந்தப் படம் எந்த அபெர்ச்சரில் எடுத்தது? கன்னத்துக்குப் பின்னால் திரைச்சீலைக் கோடுகள் இரட்டையாகத் தெரிகின்றன. அது லென்ஸா, திரைச்சீலையே அப்படியா என்று ஒரு வரி எழுது.

அன்புடன்,
உன் பழைய தோழன்