வெள்ளை சைக்கிள்

ஆசிரியருக்கு வணக்கம்.

மகன் வீட்டுக்கு அமெரிக்கா போயிருந்தபோது, ஒரு சிக்னல் கம்பத்தோடு சேர்த்துப் பூட்டியிருந்த சைக்கிளைப் பார்த்தேன். டயர், சீட், பெடல், செயின் என்று ஒன்று விடாமல் வெள்ளைப் பெயிண்ட், ஹேண்டில்பாரில் காய்ந்துபோன பூங்கொத்து. ஏதோ விளம்பரம் என்றுதான் நினைத்தேன். அந்த இடத்தில் கார் மோதி இறந்துபோன ஒருவருக்கு ஊர்க்காரர்கள் வைத்த நினைவுச் சின்னம் என்று மகன் சொன்னதும் சங்கடமாகிவிட்டது. பேய் சைக்கிள் என்கிறார்கள். 2003இல் செயின்ட் லூயிஸ் நகரில் தொடங்கிய வழக்கம். காயலான் கடைக்குப் போகவேண்டிய சைக்கிளில் பிரேக், கியரையெல்லாம் கழற்றிவிட்டுத்தான் வைப்பார்களாம், இல்லையென்றால் திருடு போய்விடும் (அங்கேயும்தான்!).

அதே ஆண்டு டல்லாஸில், பள்ளிப் பேருந்தின் பக்கக் கண்ணாடி இடித்து ஒரு சைக்கிள் வீரர் இறந்ததையடுத்து ஆரம்பித்த மௌன சைக்கிள் பயணம், இப்போது பல நாடுகளில் மே மாதம் மூன்றாவது புதன்கிழமை நடக்கிறது. யாரும் பேசக்கூடாது, மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டக்கூடாது, இவைதான் முக்கிய விதிகள்.

சரி, நம் பத்திரிகைகளில் 'சைக்கிளில் சென்றவர் பலி' என்று இரண்டு வரியோடு முடிந்துவிடுகிறது. எந்தத் திருப்பம், அங்கே தெருவிளக்கு எரிந்ததா என்பதையாவது இனி சேர்த்துப் போடுங்களேன்.

- ஒரு வாசகர், மதுரை